கெபியின் படிக்கட்டில் ஒரு அலைபேசி

(திருக்குடும்ப விழாவை முன்னிட்டு வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்து பிறப்பு விழாவின் ஆரவாரம் அடங்கி, வீட்டு முகப்பில் விண்மீன் விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் நாள்களில் திருஅவை நமக்குத் திருக்குடும்ப விழாவைத் தருகிறது. குடிலில் படுத்திருந்த குழந்தை சில நாள்களுக்குள் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நம்முன் நிற்கிறார். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம், அதன் கடைசிப் பகுதி. பாஸ்கா விழாவுக்காக எருசலேம் போன குடும்பம் ஊர் திரும்புகிறது. சிறுவன் இயேசு அங்கேயே தங்கிவிடுகிறார். பயணக் கூட்டத்தில் எங்கேயாவது இருப்பார் என்று எண்ணிக்கொண்டு மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் வழி நடந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு நாளை நான் பல ஆண்டுகளாக வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறேன். ஒரு முழு நாள் பிள்ளை கண்ணில் படவில்லை. படவில்லை என்பதும் பெற்றோருக்குத் தெரியவில்லை. அப்பாவோடு நடக்கிறான் என்று அம்மாவும், அம்மாவோடு நடக்கிறான் என்று அப்பாவும் நினைத்திருக்கலாம். இதை நற்செய்தியாளர் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். ஆனால் பிள்ளை வளர்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து அவர்கள் என்ன செய்தார்கள்? உறவினர்களிடமும் தெரிந்தவர்களிடமும் தேடினார்கள். நாமும் அதைத்தான் செய்கிறோம். பிள்ளை சரியில்லை என்றால் அத்தையிடம் கேட்போம், பெரியப்பாவிடம் கேட்போம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்போம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் பிள்ளை கிடைக்கவில்லை. அவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்து, சொந்தக்காரர் அல்லாதவர்கள் நடுவில், போதகர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டும் இருந்தவராக அவரைக் கண்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் கேள்வியைக் கேட்க ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. அந்த இடம் உறவு வட்டத்துக்கு வெளியே இருந்திருக்கிறது.

இந்த வாசகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று நான் பேச விரும்புவது, மறையுரையில் அதிகம் பேசப்படாத ஒரு காரியம். குடும்பத்திலும் பிள்ளை வளர்ப்பிலும் சிக்கல் வரும்போது அலைபேசியிலும் இணையத்திலும் உளநல ஆலோசனை பெறுவதைப் பற்றி. வேறு பணிகளுக்கு இடையே வாரத்தில் மூன்று மாலைகள் நான் இந்தப் பணியில் இருக்கிறேன். தனியாக இல்லை. முறையாக உளவியல் படித்த ஓர் அருள்சகோதரியும் சில பொதுநிலையினரும் உடன் இருக்கிறார்கள். என்னைவிட அவர்கள் இதில் தேர்ந்தவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

எங்களை அழைப்பவர்கள் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகப் பேசுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று, பேருந்து வரும்போது நிறுத்தி, போன பின் தொடர்வார்கள். இரண்டு அறை உள்ள வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஒருவர் தன் மனத்தைத் திறந்து பேச இடம் எங்கே இருக்கிறது? வீட்டிலிருந்தபடியே ஆலோசனை பெறலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பேச முடியாத இடமே பலருக்கு வீடுதான்.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் அழைத்தார். அவருடைய அனுமதியோடும் சில விவரங்களை மாற்றியும் இதைச் சொல்கிறேன். ஊர்க் கோவிலின் லூர்து அன்னை கெபியின் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவதாகச் சொன்னார். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். அதோடு, கெபியின் முன் ஒரு பெண் முக்காடிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்து மெல்ல வாயசைத்தால் செபிக்கிறாள் என்றுதான் ஊர் நினைக்கும். யாரும் வந்து என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள்.

அவர் கணவர் பஹ்ரைனில் மீன்பிடி வேலை செய்பவர். ஒரே மகன், பிளஸ் ஒன் படிக்கிறான். பீடச் சிறுவனாக இருந்தவன், இப்போது கோவிலுக்கு வருவதில்லை. பள்ளி விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு ஒரு மணி வரை அலைபேசி வெளிச்சம் தெரிகிறது. "ஃபாதர், பயல் என்கிட்ட நாலு வார்த்தை பேசி மூணு மாசம் ஆகுது. போனுதான் அவனக் கெடுத்துப் போட்டு" என்றார்.

சகோதர சகோதரிகளே, அன்று நான் செய்ததைச் சொல்ல வெட்கப்படுகிறேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று ஆலோசனைகளைச் சொல்லிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் அலைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் இருவரும் சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். டியூஷனுக்கு அனுப்புங்கள், வெளியே நாலு பேரோடு பழகுவான். இவை எதுவும் கெட்ட ஆலோசனை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரவில் அலைபேசியில் என்ன பார்க்கிறான் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி ஃபாதர், செய்யுதேன்" என்று அவர் வைத்துவிட்டார். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அழைத்தார். குரலே மாறியிருந்தது. அலைபேசியை வாங்கிய அன்று இரவு பையன் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு வீட்டில் காணவில்லை. தேடியிருக்கிறார்கள், சித்தப்பா வீடு, நண்பன் வீடு, பள்ளி மைதானம். கடைசியில், விடியும் முன் தொழிலுக்குப் புறப்பட்ட இரண்டு பேர், கடலுக்குள் கல் போட்டுக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவின் முனையில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கூட உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார்கள். அந்த இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

அதன்பிறகு நான் பேசவில்லை. அருள்சகோதரியிடம் ஒப்படைத்தேன். அவர் அந்தத் தாயிடம் முதலில் கேட்டது, நான் கேட்கவே துணியாத கேள்வி: சாக வேண்டும் என்று உங்கள் மகன் எப்போதாவது சொல்லியிருக்கிறானா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று மனநலத் துறையினர் தெளிவாகச் சொல்கிறார்கள். கேட்டால் பிள்ளைக்கு மூச்சு வருகிறது. தன்னைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிகிறது. அந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பையனை நேரில் அழைத்துச் செல்லும்படி சகோதரி சொல்லிவிட்டார். உயிர் சம்பந்தப்பட்ட நேரத்தில் திரை வழியான ஆலோசனை போதாது. இதில் அவர் கண்டிப்பானவர். மருத்துவரைப் பார்த்து, ஆபத்து நீங்கியது என்று தெரிந்த பிறகுதான் வாரம் ஒரு முறை காணொளி வழியாகப் பேச ஆரம்பித்தார்கள்.

பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த அலைபேசியில் விளையாட்டும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வோர் இரவும் அப்பாவிடமிருந்து குரல் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. பஹ்ரைன் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடித்து, சாப்பிட்டுப் படுக்கும்போது இங்கே நள்ளிரவு. அனுப்பிய பணத்தை அம்மா என்ன செய்தாள், யார் வீட்டுக்கு வந்தார்கள், யாரோடு பேசினாள் என்று மகனிடம் கேட்பார். காலையில் அம்மா, வட்டிக்காரர் வந்து போனதை அப்பாவிடம் நீயே சொல், நான் சொன்னால் கத்துவார் என்பார். கணவனும் மனைவியும் எட்டு மாதமாக நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை நடுவில் தபால்காரனாக நின்றிருக்கிறான். யாருக்கு உண்மை சொன்னாலும் இன்னொருவருக்குத் துரோகம். கதவைச் சாத்திக்கொள்ளாமல் என்ன செய்வான்? அந்த அலைபேசியைத்தான் நான் பிடுங்கச் சொன்னேன். அது போனதும் அப்பாவின் அழைப்பை எடுக்க முடியவில்லை. நீயும் அம்மாவோடு சேர்ந்துவிட்டாய் என்று அப்பா வேறு வழியில் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று இரவுதான் அவன் கடலைத் தேடிப் போனது.

இந்த இடத்தில்தான் இணையவழி ஆலோசனையின் பயன் எனக்கு நன்றாகப் புரிந்தது. பஹ்ரைனில் இருக்கும் தந்தையை எந்தப் பங்குத்தந்தையும் தம் அலுவலகத்துக்கு அழைத்து நாற்காலி போட முடியாது. காணொளியில் அவரும் வந்தார். ஒரே அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருப்பவர் அவர். அவருக்கும் தனியிடம் இல்லை. கரையில் கட்டிக் கிடந்த படகில் போய் உட்கார்ந்து பேசினார். முதல் இரண்டு முறை மனைவியைக் குற்றம் சொன்னார். மூன்றாம் முறை மகன், "அப்பா, இனி அம்மாவப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. அம்மா, நீங்களும் கேக்காதீங்க" என்றான். சகோதரி சொல்லச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அல்ல அது. திரையில் மூன்று கட்டங்கள்; மூன்றிலும் சற்று நேரம் யாரும் பேசவில்லையாம். இணையத்தில் மௌனம் வந்தால் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நாம் பதறுவோம். சகோதரி பதறவில்லை, காத்திருந்தார்.

ஆலய முற்றத்தில் மகனைக் கண்டதும் மரியா முதலில் செய்ததும் ஒரு கேள்வி கேட்டதுதான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார். தாங்கள் இருவரும் தேடிக் கலங்கியதை மறைக்காமல் சொல்கிறார். யோசேப்பைத் தம்மோடு சேர்த்துக்கொண்டே பேசுகிறார். மகன் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். திருக்குடும்பத்திலேயே பெற்றோருக்குப் பிள்ளையைப் புரியாத ஒரு நாள் இருந்தது. ஆனால் புரியாததைத் தாய் தூக்கி எறியவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டார்.

இந்தப் பணிக்கு ஒரு வரலாறு உண்டு. 1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு, தம் பணிவாழ்வின் முதல் அடக்கச் சடங்கை நடத்தினார். இறந்தவள் பதினான்கு வயதுச் சிறுமி. தான் பருவமடைந்ததைக் கொடிய நோய் என்று எண்ணி, கேட்க யாருமில்லாமல் உயிரை மாய்த்துக்கொண்டவள். அந்தக் கல்லறையை அவர் மறக்கவில்லை. 1953-இல் லண்டனில் ஒரு பழைய கோவிலில், துயரத்தில் இருப்பவர்கள் அழைப்பதற்கென்று ஒரு தொலைபேசி வைத்தார். முதல் அழைப்பு வந்தது நவம்பர் 2 அன்று. நமக்கு அது இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாள். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். சிறிது காலத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். பலர் அவர்களிடம் பேசிவிட்டு, குருவைப் பார்க்காமலே மனம் தேறிப் போனார்கள். அப்படி வளர்ந்ததுதான் சமாரிட்டன்ஸ் என்னும் அமைப்பு. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையமும் இதே வழியில், செவிமடுக்கும் தன்னார்வலர்களைக் கொண்டு நடப்பது. இன்று நம் நாட்டில் அரசே 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் சேவையை நடத்துகிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தாளும் பேனாவும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், மறுபடியும் சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.

நம் மக்களிடம் இரண்டு தயக்கங்களைப் பார்க்கிறேன். ஒன்று, ஆலோசனைக்குப் போனால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும். மற்றொன்று, விசுவாசம் இருப்பவனுக்கு எதற்கு உளவியலாளர், செபம் போதாதா? திருத்தந்தை பிரான்சிஸ் அர்ஜென்டினாவில் குருவாக இருந்தபோது, தம் 42-ஆம் வயதில், ஆறு மாதங்கள், வாரம் ஒரு முறை, உளப்பகுப்பாய்வு மருத்துவரான ஒரு யூதப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்று வந்ததை, 2017-இல் வெளியான ஒரு நேர்காணல் நூலில் அவரே சொல்லியிருக்கிறார். சில காரியங்களில் தமக்குத் தெளிவு தேவைப்பட்டது என்றும், அவர் தமக்கு நன்கு உதவினார் என்றும் சொன்னார். அவர் செபிக்காதவரா? அவரேதான் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' திருத்தூது ஊக்கவுரையில் பிள்ளை வளர்ப்புக்கென்று ஒரு முழு அதிகாரம் எழுதினார். பிள்ளை எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதைவிட, அவன் மனம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பெரிது என்ற கருத்தை அங்கே வைக்கிறார். எல்லா அசைவையும் கண்காணித்துக்கொண்டிருப்பது வளர்ப்பு ஆகாது என்றும் சொல்கிறார். பிள்ளையின் அலைபேசியில் இருப்பிடம் காட்டும் செயலியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் பெற்றோர் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

பாவசங்கீர்த்தனத்தையும் இப்படியே காணொளியில் செய்துவிடலாமா ஃபாதர் என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002-இலேயே சொல்லிவிட்டது. ஒப்புரவு அருளடையாளத்துக்கு நீங்கள் நேரில் வரவேண்டும். ஆலோசனைக்கு அந்தத் தேவை இல்லை, ஏனெனில் அது வேறு காரியம். இந்த வேறுபாடு தெரியாமல் சிலர் ஏமாற்றம் அடைகிறார்கள். ஒப்புரவில் நீங்கள் சொன்னதை உயிரே போனாலும் குரு வெளியே சொல்லக்கூடாது. ஆலோசனையிலும் இரகசியம் காக்கப்படும். ஆனால் அதற்கு எல்லை உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிய வந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல ஆலோசகர் முதல் நாளே இதை உங்களிடம் சொல்லிவிடுவார். முகவரியும், அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண்ணும் கேட்பார். கேட்காமலே தொடங்குகிறவரிடம் நான் என் தங்கை மகனை அனுப்ப மாட்டேன்.

ஏனென்றால் இணையத்தில் எல்லாரும் ஆலோசகர்கள்தான். மூன்றே அமர்வில் கணவர் திருந்துவார் என்று உறுதி கொடுப்பவர்கள், முன்பணம் முழுவதும் கட்டச் சொல்பவர்கள், அழுதுகொண்டு பேசியவரின் கதையைப் பெயர் மாற்றி அடுத்த வாரமே காணொளியாகப் போடுபவர்கள், எல்லாரும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேட்கலாம். உரையாடல் பதிவு செய்யப்படுகிறதா என்றும் கேளுங்கள். இப்போது பிள்ளைகள் தங்கள் துயரத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமே தட்டச்சு செய்து கேட்கிறார்கள். அது இரவு இரண்டு மணிக்கும் சலிக்காமல் பதில் தருகிறது, திட்டுவதில்லை. அதனால்தான் அங்கே போகிறார்கள் என்பது நம்மை யோசிக்க வைக்க வேண்டும். ஆனால் தூண்டில் வளைவு வரை நடந்து வந்து பக்கத்தில் உட்கார அதனால் முடியாது.

சின்னக் குழந்தைகளைத் திரை முன் உட்கார வைத்து ஆலோசனை கொடுக்க முடியாது. பெற்றோர்தான் பேச வேண்டும், குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கண்டிப்பது என்று அவர்களுக்குத்தான் பயிற்சி. இதைச் சொன்னால் சில அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது. பிரச்சினை பிள்ளைக்கு, எனக்கு எதற்குப் பாடம் என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடி உதை நடக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒன்றாகத் திரை முன் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது ஆபத்து. பேசியதற்கான அடி, திரை அணைந்த பிறகு விழும். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் சகோதரியே, நீங்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. அழைத்த பிறகு அந்த எண்ணை அலைபேசியின் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள். பொறுமையாக இரு, சிலுவையைச் சும என்று எந்தக் குருவாவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவருக்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அடி வாங்குவதை ஆண்டவர் உங்களிடம் கேட்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களைப் பாதுகாக்கத்தான் இருக்கிறது.

பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் கோவில் வளாகங்களில் மண்டபம் இருக்கிறது, மறைக்கல்வி அறைகள் இருக்கின்றன, வார நாள்களில் பூட்டித்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்துவிடுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, இணைய இணைப்பு. வேறெதுவும் வேண்டாம். அறைக்குப் பெயர்ப் பலகை மட்டும் வைத்துவிடாதீர்கள். 'ஆலோசனை அறை' என்று எழுதிவிட்டால் யாரும் அதற்குள் நுழைய மாட்டார்கள். யார் வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதவும் வேண்டாம். அன்பியக் கூட்டத்தில் இந்த எண்களைச் சொல்லுங்கள். இன்னார் வீட்டில் பிரச்சினை, அவர்களுக்காகச் செபிப்போம் என்று பெயர் சொல்லி அறிவித்துவிடாதீர்கள். அந்தச் செபத்துக்குப் பயந்தே பலர் அன்பியத்துக்கு வருவதில்லை.

அந்தக் கடற்கரைக் குடும்பத்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். கடன் இன்னும் இருக்கிறது. தந்தையின் விடுமுறை தள்ளிப் போயிருக்கிறது. கணவனும் மனைவியும் வாரம் இரண்டு முறை நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள், அதில் ஒன்று பெரும்பாலும் சண்டையில் முடிகிறது. ஆனால் மகனை நடுவில் நிறுத்துவதில்லை. அவன் இன்னும் பீடத்துக்கு வரவில்லை. அந்தத் தாய் அதைச் சொல்லி வருந்தியபோது, கேட்டு வற்புறுத்த வேண்டாம் என்றேன். இந்த முறை எனக்கு அந்த அளவுக்காவது தெரிந்திருந்தது. மாத்திரைக்காக மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போகிறான். வரிசையில் நிற்க அம்மா கூடப் போகிறார். திரும்பும் வழியில் இருவரும் பரோட்டா சாப்பிடுகிறார்களாம்.

இந்த வாரம் உங்கள் பங்குத்தந்தையைப் பார்க்கும்போது அந்த அறையைப் பற்றிக் கேளுங்கள். எண் 14416. அந்த ஊரில் அறை இன்னும் திறக்கப்படவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை ஆறரை மணிக்கு அந்தத் தாய் கெபியின் படிக்கட்டில்தான் உட்கார்ந்து சகோதரியோடு பேசுகிறார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்கிறார்.